ஐந்நூறு அடிக்கு அப்பால்

டெல்மர் ஸ்கோக்லண்டுக்கு யாரிடமும் முகத்துக்கு நேரே "முடியாது" என்று சொல்ல வராது. ஓல்பி ஊரில் அது அவருடைய தனிக் குணமும் அல்ல. வடக்கு மினசோட்டாவின் ஏரிக்கரை ஊர்களில் பிறந்தவர்கள் பெரும்பாலும் அப்படித்தான். பிடிக்காத விருந்துக்கு அழைத்தாலும் "வரப் பாக்கறோம்" என்று சிரித்துவிட்டு, அன்று காலை கார் கிளம்பாமல் போகவேண்டுமே என்று உள்ளூர வேண்டிக்கொள்கிறவர்கள். அதிலும் டெல்மர் இரும்புச் சாமான் கடைக்காரர். அடித்துக்கொண்ட இரண்டு பேரும் ஆணி வாங்க அதே கல்லாவுக்குத்தான் வரவேண்டும். இருவரிடமும் சிரித்துச் சிரித்து, கழற்ற முடியாதபடி ஆகிவிட்ட சிரிப்பு அவருடையது.

அதனால்தானோ என்னவோ, நகரசபை அவரைப் பொதுப் பாதுகாப்பு ஆணையத்துக்குத் தலைவராகப் போட்டிருந்தது. பெயர்தான் பெரிது. சம்பளமில்லாத ஊர்க்காரர்கள் ஐந்து பேர் மாதத்தில் ஒரு மாலை நகர மண்டபத்தின் கீழ்த்தளத்தில் கூடுவார்கள். எந்த முனையில் நிறுத்தப் பலகை வைக்கலாம், எந்தத் தெருவில் வண்டிகள் பறக்கின்றன, ஜூலை வாணவேடிக்கையன்று தீயணைப்பு வண்டி எங்கே நிற்கவேண்டும் என்றெல்லாம் பேசி நகரசபைக்குப் பரிந்துரைப்பார்கள். உத்தரவு போடும் அதிகாரம் அவர்களுக்குக் கிடையாது. ஆனால் ஆணையம் பரிந்துரைக்காத எதையும் நகரசபை தொடாது. அங்கே தோற்ற விஷயத்தைச் சாதாரணமாக ஒரு வருஷத்துக்கு மறுபடி கொண்டுவரவும் முடியாது.

அந்த வருஷம் ஏரியில் பனி உருகிப் படகுகள் இறங்கத் தொடங்கிய வாரத்தில் ட்ரூடி லிண்டால் கடைக்கு வந்தாள். டெல்மரின் தெரு ஏரிச் சாலையில் போய் முட்டும் இடத்தில், முனை வீடு அவளுடையது. கையில் ஒடிந்த மூங்கில் கம்பு. அதன் நுனியில் ஆரஞ்சுக் கொடி.

"இதைவிடக் கொஞ்சம் நீளமா ஒரு கம்பு இருக்கா, டெல்மர்?"

"வெண்டெல் நாற்காலியில கட்டினதாச்சே இது! எப்படி ஒடிஞ்சுது?"

"படகு இழுத்துட்டுப் போன வண்டி ஒண்ணு. கொடி போச்சு, ஆள் போகல. அவர் என்னடான்னா சிரிக்கிறார். 'பெரிய மீன் கடிச்ச மாதிரி ஒரு இழுப்பு'ங்கிறார். எனக்குச் சிரிப்பு வரல."

அவள் கணவன் வெண்டெல் கூரை வேலை செய்தவன். ஒரு கூரையிலிருந்தே விழுந்து இடுப்புக்குக் கீழே உணர்வு போனபின், தினமும் காலையில் சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு சாலையைக் கடந்து எதிரே இருக்கும் படகு மேடைக்குப் போவான். தூண்டிலைப் போட்டுவிட்டு மதியம்வரை உட்கார்ந்திருப்பான். வீட்டுக்குள் அடைந்து கிடந்தால் மனிதன் என்ன ஆவான் என்று ட்ரூடிக்குத் தெரியும். முதல் வருஷம் பார்த்திருக்கிறாள்.

"முனையில ஒரு ஸ்டாப் போர்டு வேணும்னு கமிஷனுக்கு எழுதிக் குடுத்திருக்கேன். நீங்க எங்க பக்கம்தானே?"

"வேண்டாம்னு சொல்ல இதுல என்ன இருக்கு?" என்றார் டெல்மர். கம்புக்குக் காசும் வாங்கவில்லை. அந்த நிமிஷத்தில் அவர் மனமறிந்துதான் சொன்னார். அதில் பொய் இல்லை.

அதே வாரம் ஹார்லன் வீட்டில் சீட்டு விளையாடும்போது, கட்டைக் குலுக்கிக்கொண்டே ஹார்லன் அந்தப் பேச்சை எடுத்தான். பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சு. இப்போது அந்த முனைக்கு அடுத்தாற்போல் அவனுக்குத் தூண்டில் கடையும், படகு இறக்கும் துறையும் இருந்தன. கயிறு, சங்கிலி, பெயின்ட் என்று எல்லாம் டெல்மரிடம்தான்.

"டேய் டெல், அந்த இடம் ஏத்தம்டா. படகு கட்டின வண்டி அங்க நின்னு கிளம்பணும்னா எஞ்சின் அழும். நாலு தடவை நின்னு பாப்பான், அப்புறம் அக்கரைத் துறைக்குப் போயிடுவான். வருஷத்துல மூணு மாசம்தான் எனக்குப் பொழப்பு. மிச்ச மாசமெல்லாம் நான் என்ன பண்றேன்? புழுவுக்குப் பேர் வச்சுட்டு உக்காந்திருக்கேன்."

டெல்மர் சிரித்தார்.

"சிரிக்காதடா. நீ பாத்துக்குவ இல்ல?"

"பாக்கறேன்."

"பாக்கறேன்னா போதும். நீ ஆச்சு." ஹார்லன் சீட்டைப் போட்டான். அன்றைய ஆட்டத்தை டெல்மர் வேண்டுமென்றே தோற்றார்.

ஜூன் மாதக் கூட்டத்தன்று காலை, டெல்மர் கடையிலிருந்து ஒரு சக்கரத்தை எடுத்துவந்தார். நீளமான கைப்பிடி வைத்தது; தள்ளிக்கொண்டே போனால் தூரத்தைக் காட்டும். வேலி போடுகிறவர்களுக்கு வாடகைக்கு விடுவார். ஆணையத்தின் விதிகளில் ஒன்று அன்று அவருக்குக் கடவுள் அனுப்பிய கயிறுபோலத் தெரிந்தது: பேசப்படும் இடத்திலிருந்து ஐந்நூறு அடிக்குள் ஓர் உறுப்பினரின் வீடோ கடையோ இருந்தால், அவர் அதைச் சொல்லிவிட்டு அறையைவிட்டு வெளியேற வேண்டும். பேசக்கூடாது, ஓட்டுப் போடக்கூடாது.

ட்ரூடி வீட்டு முனையில் சக்கரத்தை வைத்துத் தன் வீட்டை நோக்கித் தள்ளினார். லைலாக் புதருக்குப் பக்கத்தில் வந்தபோது ஐந்நூறு முடிந்துவிட்டது. சக்கரம் ஒரு சின்ன 'டிக்' சத்தத்தோடு அதைத் தாண்டியது. அவர் வீட்டுக்கு இன்னும் இரண்டு மனை போகவேண்டியிருந்தது. திரும்பிப் போய், எதிர்ப்புறமாக, அடுத்தவர் புல்வெளியைக் குறுக்கே வெட்டி மறுபடி தள்ளினார். வீடு இருந்த இடத்தில்தான் இருந்தது.

ஜன்னலிலிருந்து அவர் மனைவி ரோவீன் கூப்பிட்டாள். "காலங்காத்தால என்ன அளக்கிற?"

"ஒண்ணுமில்ல. சக்கரம் சரியா ஓடுதான்னு பாத்தேன்."

அன்று மாலை நகர மண்டபத்தில், வழக்கமான கேள்வியை வழக்கமான குரலில் எழுத்தர் ஜோடி வாசித்தாள்: "இந்த விஷயத்தில் உறுப்பினர்கள் யாருக்காவது சொந்த நலன் உண்டா?"

டெல்மர் தொண்டையைச் செருமினார். "நான் அந்தத் தெருவுலதான இருக்கேன்…"

"எல்லைக்குள்ள வருதா?" என்று கேட்டார் லோயிஸ் டீச்சர். ஊரில் பாதிப் பேருக்கு எழுத்துக் கற்றுக்கொடுத்தவர், டெல்மர் உட்பட. ஆணையத்திலும் அவரை யாரும் வெறும் 'லோயிஸ்' என்று கூப்பிட்டதில்லை.

"கிட்டத்தட்ட, டீச்சர். எதுக்கு வம்பு? நான் வெளிய நிக்கறேன்."

எல்லோரும் மதிப்போடு தலையசைத்தார்கள். டெல்மர் தலைவரின் சுத்தியலைத் துணைத்தலைவர் நூ ஷியோங்கிடம் கொடுத்தார். நூ மருத்துவமனைச் செவிலி, ட்ரூடிக்குத்தான் ஆதரவு. பாதிரியாரும் அப்படியே. தீயணைப்பில் இருந்த கர்ட் நிச்சயம் எதிர்ப்பான். லோயிஸ் டீச்சர் பிள்ளைகளுக்காகவே வாழ்ந்தவர். அவர் எதிர்க்க வழியில்லை. ஆக மூன்றுக்கு ஒன்று. பலகையும் வந்துவிடும், ஹார்லனும் கோபிக்க முடியாது. டெல்மர்தான் அறையிலேயே இல்லையே.

வெளியே தாழ்வாரத்தில், குடிதண்ணீர்க் குழாய்க்குப் பக்கத்தில் நின்றார். கதவின் அந்தப் பக்கம் ட்ரூடியின் குரல் தண்ணீருக்கு அடியிலிருந்து வருவதுபோல் வந்தது. சொற்கள் கேட்கவில்லை, ஏற்ற இறக்கம் மட்டும். கனவில் வருவதுபோல், ஒரு மனிதர் தன் வீட்டையே முனையை நோக்கிச் சுமந்துகொண்டு நடக்கிறார், ஊர் முழுக்க ஜன்னலில் நின்று பார்க்கிறது என்பதுபோல் ஏதோ ஒரு படம் அவர் மனதில் வந்து போனது. பேசுகிறவர்களுக்குத் தரும் மூன்று நிமிஷம் முடிந்து மணி அடித்தது. ட்ரூடியின் குரல் பாதியில் நின்றது.

கதவு திறந்தபோது முதலில் ஹார்லன் வந்தான். டெல்மரின் தோளில் தட்டி, காதோடு சொன்னான்: "கெட்டிக்காரன்டா நீ! ரெண்டுக்கு ரெண்டு. சமமா வந்தா தோல்விதானே? உள்ள உக்காந்து எதிர்த்திருந்தாக்கூட இவ்வளவு சுத்தமா வேலை முடிஞ்சிருக்காது."

லோயிஸ் டீச்சர் எதிர்த்திருந்தார். "பலகை வச்சா வண்டிக்காரன் பலகையைப் பாப்பான். மனுஷனைப் பாக்க மாட்டான்" என்பது அவர் வாதம். அந்த நாள்வரை யாரும் அவரிடம் அதைக் கேட்டதில்லை. டெல்மரும் கேட்டதில்லை.

கடைசியாக ட்ரூடி வந்தாள். கண் சிவந்திருந்தது. டெல்மர் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் குழாயைத் திறந்தார். அவளோ அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நீங்க உள்ள இருந்திருந்தா ஜெயிச்சிருக்கும். அது எனக்குத் தெரியும். ஆனா நீங்க செஞ்சதுதான் சரி. எனக்காக விதியை வளைக்காம நின்னீங்களே, அப்படி ஒரு மனுஷனாவது இந்த ஊர்ல இருக்கார்."

தண்ணீர் சட்டைக் கையில் ஓடுவதைக்கூட அவர் கவனிக்கவில்லை.

மறுநாள் வீட்டு வாசலில் ஓர் அகலமான தட்டைப் பாத்திரம் இருந்தது. ரூபார்ப் என்கிற புளிப்புத் தண்டு போட்ட கேக். பாத்திரத்தின் அடியில் 'லிண்டால்' என்று பெயர் எழுதிய ஒட்டுநாடா. டெல்மர் அதைத் தூக்கிக் குளிர்பெட்டியின் பின்பக்கம், ஊறுகாய்ப் புட்டிகளுக்குப் பின்னால் தள்ளிவைத்தார். குளிர்பெட்டியைத் திறக்கும்போதெல்லாம் அது அவரைப் பார்த்தது.

வசவாக இருந்திருந்தால் தாங்கியிருப்பார். பாராட்டைத்தான் தாங்க முடியவில்லை. சர்ச்சில் காப்பி ஊற்றிக்கொண்டிருந்தபோது முன்பின் பேசாத ஒருத்தி வந்து, "உங்களைப் பத்தி ட்ரூடி சொன்னா" என்றாள். கடையில் ஒருவர், "உன்னை மாதிரி நாலு பேர் தலைநகர்ல இருந்தா தேவலை" என்றார். அவர் சிரித்தார். கழற்ற முடியாத சிரிப்பு இருந்ததே, அது அப்போது தகரத்தில் வெட்டி ஒட்டியதுபோல் கன்னத்தை அறுத்தது.

காலையில் கடைக்குப் போகும் வழியில் வெண்டெல் நாற்காலியோடு முனையில் இருப்பதைப் பார்ப்பார். படகு இழுத்த வண்டிகள் ஒன்றன்பின் ஒன்றாக ஏற்றத்தில் சீறிக்கொண்டு போகும். வெண்டெல் கொடிக்கம்பைக் கழற்றிக் கையில் உயர்த்திப் பிடித்துக்கொண்டு காத்திருப்பான். ஒருநாள் டெல்மரால் தாங்க முடியவில்லை. சாலை நடுவில் போய் இரண்டு கையையும் விரித்து நின்றார். ஒரு வண்டி கிறீச்சிட்டு நின்றது. ஓட்டி வந்தவன் ஜன்னல் வழியே என்னவோ கத்தினான்.

வெண்டெல் நிதானமாகக் கடந்தான். "என்ன டெல்மர், போர்டு கிடைக்கலன்னு நீயே போர்டா நின்னுட்டியா? சிவப்புச் சட்டை போட்டுட்டு வந்திருக்கலாம்."

"வெண்டெல், அன்னைக்கு…"

"அடப் போப்பா. விதின்னா விதி. ட்ரூடிதான் கொஞ்சம் அழுதா. அப்புறம் உன்னைப் பத்திப் பேச ஆரம்பிச்சா, சமாதானம் ஆயிட்டா. நீ அவளுக்கு நல்லது பண்ணியிருக்க."

அன்றிரவு உணவின்போது ரோவீன் அந்தப் பாத்திரத்தை எடுத்துவந்து மேசையில் வைத்தாள். "கேக்கை ஏன் ஒளிச்சு வச்சிருக்க? கெட்டுப்போகப் போகுது." ஒரு துண்டு வெட்டித் தட்டில் போட்டுக்கொண்டவள், கரண்டியைக் கையில் எடுத்தபடி அவரைப் பார்த்தாள்.

"அன்னைக்குச் சக்கரம் தள்ளினியே. நம்ம வீடு உள்ள வந்துச்சா, வெளிய வந்துச்சா?"

டெல்மர் உப்புக் குப்பியை நகர்த்தி வைத்தார். மறுபடி பழைய இடத்தில் வைத்தார்.

"டெல்."

"வெளிய."

ரோவீன் கரண்டியைக் கீழே வைத்தாள். திட்டவில்லை. "அப்ப இதை நான் எப்படிச் சாப்பிடறது?" என்று மட்டும் கேட்டாள். தட்டிலிருந்த துண்டைத் திரும்பப் பாத்திரத்திலேயே, வெட்டிய இடத்தில் சரியாகப் பொருத்திவைத்தாள். வெட்டு மட்டும் தெரிந்துகொண்டிருந்தது.

அடுத்த நாள் அவர் எழுத்தர் ஜோடியைத் தேடி நகர மண்டபத்துக்குப் போனார். தோற்ற விஷயத்தை மறுபடி எடுக்க வழி உண்டா என்று, யாருக்காகவோ கேட்பதுபோல் கேட்டார்.

"உண்டு. எதிர்த்து ஓட்டுப் போட்டவங்கள்ல ஒருத்தர் அடுத்த கூட்டத்திலயே மறுபரிசீலனை கேக்கணும்" என்றாள் ஜோடி. "நீங்க ஓட்டே போடல. அதனால உங்களால கேக்க முடியாது."

"லோயிஸ் டீச்சர்கிட்ட நான் பேசிப் பாத்தா?"

"கூட்டத்துக்கு வெளிய உறுப்பினர்களைத் தனித்தனியாப் பிடிச்சு ஓட்டுச் சேர்க்கிறதா? அந்த விதியை எங்களுக்கு வருஷா வருஷம் வாசிச்சுக் காட்டுறதே நீங்கதான்."

"அப்ப என்னால என்னதான் முடியும்?"

ஜோடி கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவரைப் பார்த்தாள். "ஊர்க்காரர் யாரும் மைக் முன்னால வந்து பேசலாம். மூணு நிமிஷம். நீங்களும் ஊர்க்காரர்தானே? ஆனா எல்லாரையும் போல முதல்ல பேரும் விலாசமும் சொல்லணும்."

ஜூலைக் கூட்டத்துக்கு வழக்கத்தைவிட ஆள் அதிகம்; வாணவேடிக்கையில் யாருடைய கொட்டகையோ பற்றிக்கொண்டிருந்தது. ட்ரூடியும் வெண்டெலும் இரண்டாம் வரிசையில். ஹார்லன் கடைசி வரிசையில், தொப்பியை முழங்காலில் மாட்டிக்கொண்டு. பொதுமக்கள் பேசும் நேரம் வந்ததும் டெல்மர் சுத்தியலை நூ ஷியோங் பக்கம் நகர்த்தினார். மேடையிலிருந்து இறங்கி, சுற்றிக்கொண்டு வந்து, மைக் முன்னால் நின்றார். இத்தனை வருஷம் எத்தனையோ பேரை நிறுத்திவைத்துப் பார்த்த இடம். அங்கிருந்து பார்த்தால் மேடை இவ்வளவு உயரமாக இருக்கும் என்று அவர் நினைத்ததில்லை. ஜோடி பச்சை விளக்கைப் போட்டாள்.

"டெல்மர் ஸ்கோக்லண்ட். டாமராக் தெரு…" கதவு எண் வாயில் வரவில்லை. முப்பது வருஷமாக அதே வீடு. யாரோ சிரித்தார்கள். பிறகுதான் எண்ணைச் சொன்னார்.

"அந்த வீடு ஏரிச் சாலை முனையிலேர்ந்து ஐந்நூறு அடிக்குள்ள இல்ல. போன கூட்டத்தன்னைக்குக் காலையிலயே அளந்து பாத்தேன். ரெண்டு பக்கமும் அளந்தேன். தெரிஞ்சேதான் வெளிய போனேன். ஏன்னா இங்க இருக்கிற ரெண்டு பேருக்கு, ரெண்டு விதமாத் தலையாட்டியிருந்தேன். ரெண்டு பேரும் என்னை நல்லவன்னு நினைக்கணும்னு ஆசை." மைக் ஒரு முறை கீச்சென்றது. "அவ்வளவுதான்."

விளக்கு இன்னும் பச்சையாகவே இருந்தது. நேரம் நிறைய மிச்சமிருந்தது, சொல்லத்தான் ஒன்றுமில்லை. வெளியே போகச் சொல்லி அதட்டுவார்கள், எழுந்து கத்துவார்கள் என்றெல்லாம் எண்ணி வந்திருந்தார். ஆனால் பொதுமக்கள் பேசுவதற்கு உறுப்பினர்கள் பதில் சொல்லக்கூடாது என்பது விதி. அந்த விதியை உண்டாக்கியவர்கள் எவ்வளவு கொடுமைக்காரர்கள் என்று முதல் தடவையாக அவருக்குத் தோன்றியது. ட்ரூடி கைப்பைக்குள் எதையோ தேடிக்கொண்டிருந்தாள். நெடுநேரம் தேடினாள்.

"நன்றி, மிஸ்டர் ஸ்கோக்லண்ட்" என்றார் நூ ஷியோங், எல்லோரிடமும் சொல்வதுபோலவே.

அப்போது லோயிஸ் டீச்சர் கையைத் தூக்கினார். "போன தடவை எதிர்த்தவ நான். முனைப் பலகை விஷயத்தை மறுபடி எடுக்கணும்னு கேக்கறேன்." பாதிரியார் வழிமொழிந்தார். டீச்சர் கூட்டத்தைப் பார்த்துச் சொன்னார்: "யாரும் சந்தோஷப்பட வேண்டாம், என் எண்ணம் மாறல. அஞ்சு பேர் சொல்லவேண்டிய இடத்துல நாலு பேர்தான் சொல்லியிருக்கோம். அது மட்டும்தான்." பிறகு, "டெல்மர், உன் இடத்துல போய் உக்காரு. இந்தத் தடவை பாதியில வெளிய போகணும்னு கையைத் தூக்காத" என்றார்.

ஜோடி ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டாள். நூ ஆதரவு. கர்ட் எதிர்ப்பு. பாதிரியார் ஆதரவு. லோயிஸ் டீச்சர், சொன்னபடியே, எதிர்ப்பு. தலைவர் பெயரைக் கடைசியில்தான் கூப்பிடுவார்கள்.

"ஸ்கோக்லண்ட்?"

கடைசி வரிசையில் ஹார்லன் அவரையே பார்த்துக்கொண்டிருந்தான். முகத்தில் கோபம்கூட இல்லை. சீட்டாட்டத்தில் எதிராளி எந்தச் சீட்டைப் போடுவான் என்று பார்க்கும் பார்வை.

"ஆதரவு" என்றார் டெல்மர். சரியாகக் கேட்கவில்லை என்றாள் ஜோடி. மறுபடி சொன்னார்.

ஹார்லன் தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டு எழுந்து போனான். அதற்குப் பிறகும் கயிறு வாங்கக் கடைக்கு வந்தான். மழை வருமா வராதா என்று இரண்டு வார்த்தை பேசினான். சீட்டுக்குக் கூப்பிடவில்லை. டெல்மரும் கேட்கவில்லை.

கோடை முடியப்போகும் நேரத்தில் பலகை வந்தது. ஒரு சனிக்கிழமை, ரோவீன் லிண்டால் வீட்டுப் பாத்திரத்தில் ஆப்பிள் கேக் செய்து, மேலே தாள் மூடி, அவர் கையில் கொடுத்தாள். காலிப் பாத்திரத்தைத் திருப்பித் தருகிற வழக்கம் அந்த ஊரில் இல்லை. "நீயே கொண்டுபோய்க் குடு" என்றாள்.

லைலாக் புதரைத் தாண்டும்போது அவர் காதில் 'டிக்' என்றது. இப்போதெல்லாம் ஒவ்வொரு தடவையும் கேட்கிறது.

ட்ரூடி கொசுவலைக் கதவுக்கு அந்தப் பக்கம் வந்து நின்றாள். கதவைத் திறக்கவில்லை.

"ரோவீன் குடுத்தா. ஆப்பிள்."

"அந்தப் படியில வச்சுட்டுப் போங்க, டெல்மர். கையெல்லாம் ஈரமா இருக்கு."

வலை வழியாகவே தெரிந்தது, கை காய்ந்துதான் இருந்தது. அதில் ஒரு வாரப் பத்திரிகை இருந்தது. டெல்மர் பாத்திரத்தைப் படியில் வைத்தார். கோணலாக இருந்ததை நேராக்கினார். "சரி, அப்ப" என்றார். அவளும் "சரி, அப்ப" என்றாள்.

முனைக்கு வந்தபோது, படகு இழுத்த வண்டி ஒன்று ஏற்றத்தில் முனகிக்கொண்டே வந்து பலகை முன்னால் நின்றது. வெளியூர்க்காரன். சாலையோரம் நிற்கும் இவரைப் பார்த்து, ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுத்து, நீங்க போங்க என்று மரியாதையாக ஜாடை காட்டினான்.

டெல்மருக்கு அந்தப் பக்கம் ஒரு வேலையும் இல்லை. வீடு இந்தப் பக்கம். வேண்டாம் என்று தலையாட்டினால் போதும். அவன் விடாமல் சிரித்துக்கொண்டே கையை வீசினான். டெல்மரும் சிரித்து, நன்றி என்று கையைத் தூக்கி, சாலையைக் கடந்தார்.

படகு மேடையில் வெண்டெல் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தான். நாற்காலியின் பின்னால் கொடி அசையாமல் தொங்கியது. காலடிச் சத்தம் அவனுக்குக் கேட்டிருக்க வேண்டும். திரும்பவில்லை. மிதவையையே பார்த்துக்கொண்டிருந்தான். கூப்பிடலாமா என்று டெல்மர் யோசித்தார். என்ன சொல்லிக் கூப்பிடுவது என்று யோசித்தார். பிறகு சத்தமில்லாமல் சாலையோரத்துக்கே திரும்பி வந்து, வீட்டுப் பக்கம் கடக்காமல், அந்த வண்டி ஏற்றத்தில் ஏறி மறையும்வரை காத்திருந்தார். அதற்குள் இன்னொரு வண்டி வந்து பலகை முன்னால் நின்றது.